எர்த் வயரை வெட்டாதீர்கள்: இரும்புப் படகுக்குக் கரைக் கரண்ட் எடுப்பது எப்படி

படகு வாங்கிய முதல் குளிர்காலத்தில் பக்கத்துப் படகுக்காரர் டீ குடித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். கரையிலிருந்து வருகிற கேபிளில் பச்சை மஞ்சள் வயரை மட்டும் வெட்டிவிட்டால் போதும், படகின் அடி துருப்பிடிக்காது, அவர் பல வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறாராம். துரு விஷயத்தில் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வயர்தான் எர்த். அதை வெட்டிய படகில் கெட்டிலுக்குள் ஃபேஸ் வயர் கழன்று உலோகத்தில் பட்டால், கெட்டிலோடு சேர்த்து முழுப் படகும் ஷாக் அடிக்கும். கரையில் நின்று கைப்பிடியைத் தொடுகிறவர் மேல்தான் அது இறங்கும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், கால்வாயில் கட்டியிருக்கும் நாரோபோட் என்கிற ஒடுக்கமான, நீளமான படகில். இரும்புத் தகட்டுப் படகு, அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6 மி.மீ. கீழே எழுதியிருப்பது அந்த மாதிரிப் படகுக்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கும். நம்மூர் வோல்ட்டும் அதேதான், அதனால் வீட்டு வயரிங் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குப் பாதி உடனே புரிந்துவிடும். மீதிப் பாதியில்தான் தண்ணீர் வருகிறது. ஃபைபர் படகென்றால் புரொப்பல்லரும் ஷாஃப்ட்டும்தான் அரிக்கும், அடிக்குப் பயமில்லை. அலுமினியப் படகென்றால் இதைவிட இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயரைத் திருகி மாட்டுகிற வேலையைப் படகு வயரிங் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். வீட்டு எலெக்ட்ரீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இன்வெர்ட்டர், எர்த் இரண்டும் சேர்கிற இடத்தில் தடுமாறுவார். ஆனால் என்ன செய்யச் சொல்கிறோம், அவர் செய்தது சரியா என்று பார்க்கிற அளவுக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எர்த் எப்படிப் படகைத் தின்கிறது

இரண்டு வேறு உலோகங்களைத் தண்ணீரில் நனைத்து வெளியே ஒரு வயரால் இணைத்தால் அது பேட்டரி. பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் செம்பும் துத்தநாகமும் குத்தி மீட்டர் முள் அசைவதைப் பார்த்திருப்போமே, அதேதான். மரினாவில், அதாவது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையில், உங்கள் படகின் இரும்பு ஒரு தகடு. பக்கத்துப் படகின் வெண்கலப் புரொப்பல்லரோ, கரை மண்ணுக்குள் அடித்திருக்கும் செம்பு எர்த் கம்பியோ இன்னொரு தகடு. நடுவில் கால்வாய்த் தண்ணீர். வெளியே இணைக்கிற வயர் எதுவென்றால், எல்லாப் படகும் பொதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கும் எர்த்.

வோல்ட் என்னவோ ஒன்றுக்கும் கீழேதான். ஆனால் அது ராத்திரி பகல் பார்க்காது. கணக்குப் போட்டால், ஒரு ஆம்பியர் ஒரு வருடம் விடாமல் ஓடினால் கரைகிற இரும்பு சுமார் 9 கிலோ. நூறு மில்லி ஆம்பியர் ஓடினால் 900 கிராம். அடி முழுக்கச் சமமாகத் தேய்ந்தால் ஒன்றுமே தெரியாது, ஆனால் அது அப்படித் தேயாது. கறுப்புப் பூச்சு உரிந்த இடமாகப் பார்த்து அங்கேயே குழி தோண்டும்.

இதற்காகத்தான் அடியில் ஆனோடு என்று மெக்னீசியக் கட்டிகளைப் பற்றவைக்கிறார்கள். கடலில் துத்தநாகம், நன்னீரில் மெக்னீசியம். இரும்புக்குப் பதில் அது கரையும். ஆனால் எர்த் வழியாக எல்லாப் படகும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, நம் காசில் வாங்கிய மெக்னீசியம் ஊரிலிருக்கிற படகையெல்லாம் காப்பாற்றும். என் படகைத் தூக்கி வைத்து அடியைப் பீய்ச்சிக் கழுவியதும் பார்த்தேன். பார் சோப்பு மாதிரி கனமாக இருந்திருக்க வேண்டிய கட்டியில், நடுவிலிருக்கும் இரும்புப் பட்டை மட்டும் மீன்முள் போலத் துருத்திக்கொண்டிருந்தது, விரலால் தொட்டதும் மீதி சுண்ணாம்பாக உதிர்ந்தது. சர்வேயர் பக்கத்தகட்டின் கனத்தை இடம் இடமாக அளந்து சத்தமாகப் படித்தார்: 5.6, 5.5, 5.6, அப்புறம் ஒரு நிமிடம் பேச்சில்லை, 4.3. இங்கே இன்சூரன்ஸ்காரர்கள் பொதுவாக 4 மி.மீ.க்குக் கீழே போனால் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு முன்னால் படகை வைத்திருந்தவர் பல வருடம் அதை நேராகக் கரைக் கரண்டில் போட்டு வைத்திருந்தார், நடுவில் எந்தத் தடுப்பும் இல்லாமல்.

ஆக, எர்த் வேண்டும், ஆனால் அதன் வழியாக இந்தச் சில்லறைக் கரண்ட் ஓடக் கூடாது. மொத்த விஷயமும் இவ்வளவுதான்.

எவ்வளவு கரண்ட் கிடைக்கும்

துறையிலிருக்கும் கம்பத்தில் நீல நிற வட்ட சாக்கெட் இருக்கும், பெரும்பாலும் 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 3,680 வாட். இங்கே விற்கிற கெட்டிலே 3,000 வாட். ஃபேன் ஹீட்டர் 2,000. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கம்பத்திலிருக்கும் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும், அதற்கு முன்பே பிளக் சூடாக ஆரம்பித்திருக்கும். சில கம்பங்களைத் திறக்கச் சாவி அலுவலகத்தில்தான் இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு விழுந்தால் காலை வரை இருட்டுதான். எது எதை ஒன்றாகப் போடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

கேபிள்

மூன்று கோர், 2.5 சதுர மி.மீ., ரப்பர் உறை போட்ட, வளைகிற கேபிள். நீளம் 25 மீட்டருக்கு மேல் வேண்டாம். வழியில் இணைப்புப் போட்டு நீட்டாதீர்கள், இரண்டு கேபிள் சேருகிற இடம்தான் முதலில் தண்ணீரில் விழும். மிச்சக் கேபிளை டிரம்மில் சுற்றியபடியே விட்டு ஹீட்டர் போட்டால் உள்சுற்று உருகிவிடும், எட்டு போல விரித்துப் போடுங்கள். படகு ஏறி இறங்குவதற்குக் கொஞ்சம் தொய்வு வேண்டும், ஆனால் தண்ணீரைத் தொடக் கூடாது. படகுக்குள் நுழைகிற இடத்தில் கேபிள் ஒரு வளைவு கீழே இறங்கி மேலே ஏறட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

படகின் பக்கத்தில் இருக்க வேண்டியது பின்கள் உள்ளே மறைந்திருக்கும் இன்லெட். கேபிளின் படகு முனையில் துளைகள், கம்பத்து முனையில் பின்கள். இரண்டு பக்கமும் பின் வைத்த கேபிளை யாராவது "அவசரத்துக்கு" என்று கொடுத்தால் வாங்காதீர்கள், ஒரு பக்கம் மாட்டியதும் மறுபக்கப் பின்களில் 230 வோல்ட் வெறுமனே நீட்டிக்கொண்டு நிற்கும்.

மாட்டும்போது முதலில் படகு முனை, அப்புறம் கம்பத்து முனை, கடைசியில் சுவிட்ச். கழற்றும்போது சுவிட்சை அணைத்து, கம்பத்திலிருந்து முதலில். இந்த வரிசையில் செய்தால் கரண்ட் உள்ள கேபிள் முனை ஒருபோதும் உங்கள் கையில் இருக்காது. மழையில், ஒரு காலைப் படகிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்து நிற்கும்போது இது ரொம்ப முக்கியம்.

உள்ளே நுழைந்ததும்

இன்லெட்டுக்குப் பின்னால், எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் உடனே அறுக்கும் சுவிட்ச். கம்பத்திலும் ஒன்று இருக்கும். இருந்தாலும் நமக்கென்று ஒன்று வேண்டும், கம்பத்தில் இருப்பதை யார் கடைசியாகச் சோதித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஏ டைப் வாங்குங்கள். சார்ஜரும் லேப்டாப்பும் இருக்கிற இடத்தில் பழைய ஏசி டைப் நம்பத் தகுந்ததில்லை.

எம்.சி.பி. எல்லாம் டபுள் போல், அதாவது ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுப்பதாக இருக்க வேண்டும். காரணம், கம்பத்திலோ கேபிளிலோ யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டியிருந்தால் சிங்கிள் போல் சுவிட்ச் நியூட்ரலைத்தான் அறுக்கும். விளக்கு அணையும், ஆனால் வயரில் உயிர் இருக்கும். அது மாறியிருப்பதைக் காட்டும் சிறு விளக்கு ஒன்றையும் பலகையில் வையுங்கள். படகுக்குள் ஓடும் வயர் பல இழை கொண்டதாக இருக்கட்டும். வீட்டுச் சுவரில் ஓடுகிற ஒற்றைக் கம்பி இன்ஜின் அதிர்வில் நாளடைவில் உள்ளுக்குள் ஒடிந்துவிடும்.

தடுப்பு: இரண்டு வழி

மலிவான வழி கால்வானிக் ஐசோலேட்டர். செங்கல்லில் பாதி அளவுள்ள பெட்டி, எர்த் வயரின் நடுவே உட்காரும். உள்ளே இருப்பது ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் டயோடுகள், இந்தத் திசைக்கு இரண்டு, அந்தத் திசைக்கு இரண்டு. ஒரு டயோடு திறக்க 0.6 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், இரண்டுக்கு 1.2. படகைத் தின்கிற கரண்ட் அதற்குக் கீழேயே இருப்பதால் கதவு திறக்காது. நிஜமாகவே ஃபேஸ் எர்த்தில் பட்டால் 230 வோல்ட் கதவை உடைத்துக்கொண்டு ஓடும், எம்.சி.பி. விழும். அழகான யோசனை, நூறு பவுண்டுக்கு முன்பின் கிடைக்கும்.

ஆனால் அதில் சில சூட்சுமங்கள் உண்டு. சார்ஜர், டி.வி. மாதிரியான சாதனங்களின் ஃபில்டர் எல்லாமே எர்த்தில் துளித்துளியாக ஏசி கரண்ட் கசியவிடும். பல சாதனங்கள் சேர்ந்தால் அந்தக் கசிவே டயோடைத் திறந்து வைத்துவிடும், கூடவே அரிப்புக் கரண்டும் போய்விடும். அதனால் அந்த ஏசி கசிவை டயோடைத் திறக்காமல் வேறு வழியில் விட்டுவிடும் கபாசிட்டர் சேர்த்த மாடலாக வாங்குங்கள். ஆம்பியர் அளவு கம்பத்தினுடையதற்குக் குறையக் கூடாது, நான் 16க்கு 30 போட்டேன். பெட்டி இன்லெட்டுக்கு அடுத்ததாக, எர்த் வேறு எந்த உலோகத்தையும் தொடுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். உலோக இன்லெட்டை நேராகப் படகின் தகட்டில் திருகியிருந்தால் எர்த் அங்கேயே தகட்டைத் தொட்டுவிடும், உள்ளே ஐசோலேட்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். படகை இரும்புச் சங்கிலியால் கரையின் இரும்புத் தகட்டுச் சுவரில் கட்டியிருந்தாலும் இதே கதை. கயிறு போடுங்கள்.

இன்னொரு வழி ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். கரையிலிருந்து வருகிற ஃபேஸும் நியூட்ரலும் ஒரு சுருளில் முடிந்துவிடும், கரை எர்த்தும் அங்கேயே நின்றுவிடும். படகின் கரண்ட் தனிச் சுருளிலிருந்து, காந்தத்தின் வழியாக மட்டும் வரும். கரைக்கும் படகுக்கும் நடுவே செம்புத் தொடர்பு எதுவுமே கிடையாது, அதனால் அரிப்புக் கரண்டுக்கு வழியே இல்லை. கரையில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் கவலையில்லை. விலை பல நூறு பவுண்டு, எடை 20 கிலோவைத் தாண்டும், வெயிலில் விட்ட பூனை மாதிரி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். போட்ட கணத்தில் அது இழுக்கிற கரண்டில் கம்பத்து எம்.சி.பி. விழும், அதனால் கரண்டை மெதுவாக ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எது வாங்கலாம்? வருடம் முழுக்க ஒரே துறையில் கேபிள் மாட்டி வைத்திருக்கிறீர்கள், படகு இரும்பு என்றால் டிரான்ஸ்ஃபார்மர்தான், யோசிக்கவே வேண்டாம். வார இறுதியில் மட்டும் மாட்டுகிறவர்களுக்கு ஐசோலேட்டர் போதும். பணம் சேரும்வரை மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, ரொம்ப எளிது: வேண்டாதபோது கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கோடையில் என் சோலார் தகடே போதும், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கேபிள் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

எர்த்தைப் படகோடு சேர்க்க வேண்டும்

தடுப்பு போட்டபின், உள்ளேயிருக்கும் எர்த்தைக் கனமான வயரால் படகின் தகட்டில் பற்றவைத்த ஒரு போல்ட்டில் கட்ட வேண்டும். பூச்சைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிகிற இடத்தில். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவும் தகட்டை ஒரே ஒரு இடத்தில்தான் தொட வேண்டும், இதற்குப் பக்கத்திலேயே.

ஊரில் ஈரக் கிரைண்டர் ஷாக் அடித்தால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு அரைப்பார்கள், நான்கு வருடம் அதே கிரைண்டர் ஓடும். அந்தப் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். என் படகிலும் ஒரு டேபிள்டாப் கிரைண்டர் இருக்கிறது, மாவு அரைக்கும்போது அதன் உடம்பும் படகின் தகடும் ஒரே எர்த்தில் இருப்பதால் இரண்டையும் ஒரே சமயம் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்த எர்த் எங்காவது விட்டுப்போயிருந்தால் செருப்பு காப்பாற்றாது, சுற்றிலும் இரும்பு.

நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேரலாம்

புதியவர்கள் அதிகம் தவறு செய்கிற இடம் இதுதான், இரண்டு தடவை படியுங்கள். ஆர்.சி.சி.பி. ஒழுங்காக வேலை செய்ய நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில், கரண்ட் பிறக்கிற இடத்தில் மட்டும், சேர்ந்திருக்க வேண்டும். கரைக் கரண்டை நேராகவோ ஐசோலேட்டர் வழியாகவோ எடுத்தால் அந்த இணைப்பு கரையில் இருக்கிறது, படகில் போடக் கூடாது, போட்டால் கம்பத்து ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தால் கரண்ட் அதன் இரண்டாவது சுருளில்தான் பிறக்கிறது, எனவே இணைப்பு அங்கே வேண்டும். அது இல்லாவிட்டால் படகின் ஆர்.சி.சி.பி. பொம்மைதான். இன்வெர்ட்டரில் ஓடும்போது இன்வெர்ட்டரில் வேண்டும், கரைக்கு மாறியதும் அது தானாக விலக வேண்டும். சார்ஜரும் சேர்ந்த நல்ல இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே உள்ளே ஒரு ரிலே இருக்கும். மலிவான இன்வெர்ட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் என்று தனியாக ஒன்றே கிடையாது, இரண்டு முனையும் எர்த்துக்கு மேலே பாதி வோல்ட்டில் நிற்கும். அதில் ஒரு முனையை எர்த்தோடு சேர்த்தால் புகைதான் வரும். கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இன்வெர்ட்டர் வெளிவாயும் கரைக் கரண்டும் ஒருபோதும் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது. இதற்கு 1-0-2 சுவிட்ச் உண்டு (1 கரை, 0 எதுவுமில்லை, 2 இன்வெர்ட்டர்), ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் மாற்றுவது. என் படகில் அதைவிட மட்டமான, ஆனால் ஏமாற்றவே முடியாத ஏற்பாடு: படகு வயரிங் முழுவதும் ஒரே ஒரு பிளக்கில் முடிகிறது, சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாக்கெட், ஒன்று கரை, மற்றது இன்வெர்ட்டர். ஒரு பிளக் ஒரே நேரத்தில் இரண்டு சாக்கெட்டில் இருக்க முடியாதே.

வீட்டிலிருந்து வயர் இழுப்பவர்களுக்கு

ஆற்றோரம் தோட்டம் உள்ள நண்பர் வீட்டில் படகைக் கட்டி, சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் இழுப்பது சகஜம். வேண்டாம். இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எர்த்தும் நியூட்ரலும் தெருவில் ஒரே கம்பியாக வருகின்றன. தெருவில் அந்தக் கம்பி அறுந்தால் வீட்டு எர்த் முழுதும் ஃபேஸ் வோல்ட்டுக்கு ஏறும். வீட்டுக்குள் எல்லாமே சேர்ந்து ஏறுவதால் ஆபத்து குறைவு. ஈர மண்ணில் நின்று படகைத் தொடுகிறவருக்கு அப்படியில்லை. படகுக்கு அந்த எர்த்தைக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தோட்டத்தில் தனி எர்த் கம்பி அடித்து, தனி ஆர்.சி.சி.பி. போட்ட சாக்கெட்டை எலெக்ட்ரீஷியன் வைத்துத் தர வேண்டும்.

தண்ணீரில் யாராவது விழுந்தால்

குதிக்காதீர்கள். முதலில் கம்பத்துச் சுவிட்சை அணையுங்கள், அப்புறம் கயிறோ மிதவையோ எறியுங்கள். எர்த் விட்டுப்போன ஒரு படகு போதும், சுற்றியுள்ள தண்ணீரில் கரண்ட் பரவிவிடும். உப்புத் தண்ணீரில் கரண்ட் உடம்பைச் சுற்றி ஓடிவிடும், நன்னீரில் நம் உடம்புதான் தண்ணீரைவிட நல்ல கடத்தி, அதனால் உடம்புக்குள் நுழையும். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே கைகால் இறுகி நீந்த முடியாமல் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாக மூழ்கியது போலத்தான் தெரியும். கரைக் கரண்ட் உள்ள துறையில் குழந்தைகளை நீந்த விடவே கூடாது.

சோதனை

புதிதாக ஒரு துறைக்குப் போனால், கேபிளைப் படகில் மாட்டுவதற்கு முன்பே கம்பத்தைச் சோதித்துவிடுவேன். நீல சாக்கெட்டிலிருந்து சாதாரண சாக்கெட்டுக்கு மாற்றுகிற குட்டை வயர் ஒன்று, அதில் மூன்று விளக்கு டெஸ்டர். ஃபேஸ் நியூட்ரல் மாறியிருப்பதையும் எர்த் இல்லாததையும் அது காட்டும், எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று காட்டாது. திருகுளி டெஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு "லைட் எரியுது, சரி" என்று முடிவு செய்யாதீர்கள்.

ஐசோலேட்டருக்கு வருடம் ஒருமுறை. கேபிளைக் கரையிலிருந்து கழற்றி, ஐசோலேட்டரின் ஒரு பக்க எர்த் வயரையும் கழற்றி, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து இரு முனையையும் தொடுங்கள், அப்புறம் மாற்றித் தொடுங்கள். கபாசிட்டர் நிரம்பக் கொஞ்சம் நேரம் ஆகும், பொறுங்கள். இரண்டு பக்கமும் ஒரு வோல்ட்டையொட்டி நின்றால் நன்றாக இருக்கிறது. சுழியம் காட்டினால் டயோடு செத்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, படகு மறுபடி கரைய ஆரம்பித்திருக்கிறது. ஒன்றுமே காட்டாமல் திறந்து கிடந்தால் எர்த்தே இல்லை என்று அர்த்தம். புதுப் பெட்டி வரும்வரை அந்தக் கேபிளைத் தொடாதீர்கள். வயரைத் திரும்ப மாட்ட மறந்துவிடாதீர்கள், நான் ஒருமுறை மறந்தேன், மூன்று விளக்கு டெஸ்டர்தான் காட்டிக்கொடுத்தது.

ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் மாதம் ஒருமுறை. தேதி மறந்துபோகும் என்பதால் நான் துறை வாடகை கட்டுகிற அன்று அழுத்துகிறேன். அழுத்தியதும் படக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் கம்பத்தில் சுவிட்சை அணைத்து, கேபிளைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, அன்றைக்கு டீயைக் கேஸ் அடுப்பில் போட்டுக்கொண்டு எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யுங்கள்.